செத்த மீனும் எதிர்நீச்சல் போடும்!

நமது மேடைகளில் வெகுகாலமாக ஒரு வாக்கியம் அடிபட்டு வருகிறது. "செத்த மீன்தான் ஆற்றோடு போகும், உயிருள்ள மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும், ஆகையால் தோழர்களே, நீங்கள் உயிருள்ள மீன்களாய் இருங்கள்" என்பதே அது. சொன்ன மாத்திரத்தில் கூட்டத்தில் கைதட்டல் கிளம்பும். நானும் இருபது வருஷமாய் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். ஆனால் இது மெய்தானா, யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊராரைப் பார்த்து, "உன் பாட்டன் சொன்னான் என்பதற்காக எதையும் நம்பாதே" என்று தொண்டை கிழியக் கத்துகிற நான், எனக்கு முன் பேசிய பிரசங்கி சொன்னார் என்பதற்காகவே இதை நம்பி வந்திருக்கிறேன். இது மூடநம்பிக்கை அல்லாமல் வேறென்ன?

இந்தச் சங்கதி எனக்கு எப்படி உறைத்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் தாலுகாவில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, மறுநாள் காலையில் மணிமுத்தாற்றில் குளிக்கப் போயிருந்தேன். அங்கே வலையை உதறிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணாச்சி, ராத்திரி கூட்டத்துல செத்த மீனுதான் ஆத்தோட போவும்னு சொன்னிய. நீங்க எப்பவாது மீனை உத்துப் பாத்திருக்கியளா?"

"இல்லை பெரியவரே, சொல்லக் கேள்விதான்."

"அப்பிடிச் சொல்லுங்க. விலாங்கு கடலுக்குப் போவயில ஆத்தோடதான் போவுது. அது செத்தா போச்சு? அந்தா, பாறைக்குப் பின்னால பாருங்க. ஒரு மீனு வாலைக்கூட ஆட்டாம நிக்கி. அது என்னத்த எதுத்து நிக்கி, நீங்களே சொல்லுங்க."

பார்த்தேன். தண்ணீர் பாறையின் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு ஓடியது. பாறைக்குப் பின்னால், ஒரு சாண் நீளமுள்ள மீன் மேற்கே தலை வைத்து, ஊஞ்சலில் படுத்தவனைப்போல் இப்படியும் அப்படியும் லேசாக அசைந்து நின்றது. வீரமும் இல்லை, போராட்டமும் இல்லை. எனக்குப் பதில் வரவில்லை. பெரியவர் சிரித்துவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்தவனல்ல. இருந்தாலும் படித்த தோழர்களைக் கேட்டும், கிடைத்த புத்தகங்களைப் புரட்டியும், இந்த மீன் விஷயத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்தது மேடைப் பேச்சைக் காட்டிலும் பல மடங்கு ருசியாக இருக்கிறது. ஆகையால் அதை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஆறு ஓடுகிறது என்பது மீனுக்கு எப்படித் தெரியும்? "இதென்ன கேள்வி, தண்ணீர் மேலே மோதாதா?" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். ரயில் வண்டியில் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, ஆட்டமும் இல்லாமல் ஒரே சீராக வண்டி போனால், அது எந்தப் பக்கம் போகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. அதுபோலவே ஆற்றின் நடுவில் ஓட்டத்தோடு ஓட்டமாய் மிதக்கும் மீனைச் சுற்றியுள்ள தண்ணீரும் அதே வேகத்தில் போகிறது. மோதுவதற்கு ஒன்றுமில்லை. கண் மங்கிய இருட்டில், அடியும் தெரியாமல், கரையும் தெரியாமல் இருந்தால், தான் அடித்துக்கொண்டு போகப்படுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. மனிதனும் இப்படித்தான் இருக்கிறான் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆகவே மீனுக்கு ஓட்டம் தெரிய வேண்டுமானால், ஓடாத பொருள் ஒன்று அதற்குப் புலப்பட வேண்டும். அது கரையாயிருக்கலாம், கல்லாயிருக்கலாம், மணலாயிருக்கலாம். 1904-ல் லியோன் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக்காரர் இதைச் சோதித்தார். கண்ணாடிப் புட்டியில் தண்ணீரையும் மீன்களையும் விட்டு, வாயை அடைத்து, ஓடுகிற தண்ணீரில் மிதக்கவிட்டார். புட்டிக்குள்ளே ஓட்டம் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மீனைத் தள்ளவில்லை. ஆனாலும் அடியும் கரையும் பின்னோக்கி நகருவதைக் கண்ட மீன்கள், ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நீந்தின. அதாவது அவை தண்ணீரை எதிர்க்கவில்லை. தாம் பார்த்துக் கொண்டிருந்த இடத்தை விட்டு நகராமலிருக்கவே முயன்றன. கண் ஒரு சாட்சி என்பது இதனால் ருசுவாயிற்று. அடிமணலில் வயிறோ துடுப்போ படும் மீனுக்குத் தோலும் ஒரு சாட்சி.

அப்படியானால் இருட்டிலும் கலங்கல் வெள்ளத்திலும் என்ன செய்யும்? அதற்கு மீனுக்கு நமக்கில்லாத ஓர் உறுப்பு இருக்கிறது. கெண்டை மீனை வாங்கிச் செதிள் உரிக்கும்போது பாருங்கள். செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை, விலாப்பக்கத்தில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு ஓடும். உற்றுப் பார்த்தால் வரிசையாய்ச் சிறு துளைகள் தெரியும். இதைப் பக்கக்கோடு என்று சொல்லலாம். வெகுகாலம்வரை மேல்நாட்டுப் பண்டிதர்கள்கூட இது மீனின் மேலுள்ள வழவழப்பைச் சுரக்கும் குழாய் என்றே நம்பினார்கள். 1850-ல் லைடிக் என்ற ஜெர்மானியர் நுண்ணோக்கியில் பார்த்து, இது சுரக்கும் குழாய் அல்ல, உணரும் உறுப்பு என்று காட்டினார். நம்பிக்கை எத்தனை நூற்றாண்டு பழமையானாலும், ஒருவன் கண்ணைத் திறந்து பார்த்த அன்றைக்கு அது தீர்ந்து போகிறது.

அந்த உறுப்பில் என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத மயிர்போன்ற நுனிகளைக் கொண்ட உயிரணுக்கள் கொத்துக் கொத்தாய் இருக்கின்றன. அவற்றின் மேல் நுங்குபோன்ற ஒரு குமிழ் மூடியிருக்கிறது. தண்ணீர் அசைந்தால் குமிழ் சாயும். குமிழ் சாய்ந்தால் மயிர்கள் வளையும். மயிர் வளைந்தால் நரம்பு வழியாய் மூளைக்குச் சேதி போகும். ஒரே கொத்தில் சில மயிர்கள் தலைப்பக்கமிருந்து வரும் அசைவுக்கும், சில வால்பக்கமிருந்து வரும் அசைவுக்கும் பதில் சொல்லும்படி அமைந்திருக்கின்றன. ஆதலால் தண்ணீர் அசைகிறது என்பது மாத்திரமல்ல, எந்தத் திக்கில் அசைகிறது என்பதும் தெரிகிறது. சில கொத்துகள் தோலின் மேலேயே இருக்கும். இவை ஓட்டத்தை அறியும். சில கொத்துகள் துளைக் குழாய்க்குள் இருக்கும். இவை திடீர் அதிர்வையும் அழுத்த மாற்றத்தையும் அறியும். இதே வகை மயிரணுக்கள்தான் நம் காதுக்குள்ளும் இருந்து நாம் கேட்பதற்கும், கீழே விழாமல் நிற்பதற்கும் உதவுகின்றன. வித்தியாசம் என்னவென்றால், மீனுக்கு அவை அழிந்தால் மறுபடி முளைக்கும். நம் காதில் கேட்பதற்கு உள்ளவை அழிந்தால் அழிந்ததுதான். மனிதனுக்காகவே எல்லாம் படைக்கப்பட்டது என்று சொல்லுகிறவர்கள், இந்த நல்ல சாமானை மீனுக்குக் கொடுத்துவிட்டுச் செவிட்டுக் கிழவனை ஏன் கைவிட்டார் கடவுள் என்பதற்குச் சமாதானம் சொல்லட்டும்.

இந்த உறுப்புத்தான் ஓட்டத்தைக் காட்டுகிறது என்பதற்கு என்ன ருசு? 1997-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த மான்ட்கோமரியும் அவரது கூட்டாளிகளும் சோதனை செய்தார்கள். குகைக்குள் பிறந்து வளர்ந்து கண்ணே இல்லாமல் போன மீன் வகை ஒன்று மெக்சிகோவில் உண்டு. அதையும் வேறு சில மீன்களையும் எடுத்துக்கொண்டு, தோலின் மேலுள்ள மயிரணுக் கொத்துகளை முடக்கிப் பார்த்தார்கள். மெதுவாய் ஓடும் தண்ணீரில் அவற்றுக்குத் திசை தெரியாமல் போயிற்று. ஓட்டம் பலமானபோது வேறு சாட்சிகளைக்கொண்டு திரும்பிக்கொண்டன. ஆகவே கண், தோல், பக்கக்கோடு, காதுக்குள்ளிருக்கும் நிறைகல் ஆகிய இத்தனை சாட்சிகளையும் விசாரித்து, ஒன்று பொய்த்தால் இன்னொன்றைக்கொண்டு தீர்ப்புச் சொல்லுகிறது மீன். ஒரே புத்தகத்தை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு உலகத்தையே தீர்ப்புச் சொல்லும் மனிதனைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. கங்கை நதி மீன்களைப் பற்றி ஹாமில்டன் என்பவர் 1822-ல் எழுதிய புத்தகத்தில் முதன்முதலாக வர்ணிக்கப்பட்ட, நீலக்கோடுகள் போட்ட ஒரு சிறு மீன் இருக்கிறது. நம் நாட்டு வயலோரத்து மீன். இன்று உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் அதை வளர்க்கிறார்கள். பொரித்துச் சில நாளே ஆன, அரை சென்டிமீட்டர்கூட இல்லாத அதன் குஞ்சுகளை அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலைக்காரர்கள் இருட்டில் ஒரு குழாய்க்குள் விட்டுப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். குழாயின் நடுவில் தண்ணீர் வேகமாகவும், சுவரோரத்தில் மெதுவாகவும் ஓடும். ஆகையால் குஞ்சின் இடதுபக்கத்திலும் வலதுபக்கத்திலும் ஓட்டம் ஒன்றாயிராது; தண்ணீர் அதன் உடலைச் சுற்றிச் சிறிது சுழலுவதுபோல் இருக்கும். குஞ்சு ஓர் உந்து உந்தும். முன்னைவிடச் சுழற்சி அதிகமாயிற்றா? ஆமென்றால், சுழற்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும். குறைந்ததா? நேரே போகும். இவ்வளவுதான் கணக்கு. இதைச் செய்துகொண்டே வந்தால் கடைசியில் தலை ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. தலையெழுத்தும் இல்லை, பூர்வஜென்ம வாசனையும் இல்லை. ஒரு கடுகளவு மூளையும், ஒரு சின்ன விதியும், அதைச் செய்யத் தகுந்த உறுப்பும் போதும்.

இந்த இடத்தில் "மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா?" என்ற பழமொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். குயவன் மகன் குயவன், வண்ணான் மகன் வண்ணான் என்று ஒருவனைப் பிறந்த இடத்திலேயே கட்டிப்போட வேண்டுமென்றால் உடனே இந்த மீன்குஞ்சைத்தான் இழுத்து வருகிறார்கள். 1953-ல் பள்ளிப் பிள்ளைகளைப் பாதிநேரம் தகப்பன் தொழிலுக்கு அனுப்பும் திட்டம் வந்தபோதும் இந்த மாதிரி நியாயம்தான் அதற்குத் துணையாய் நின்றது; மறுவருஷம் காமராசர் முதலமைச்சரானபின் அது ஒழிந்தது. நான் கேட்கிறேன்: மீன்குஞ்சு நீந்துவதற்குக் காரணம் அதன் தகப்பன் நீந்தினான் என்பதா, அல்லது அதன் விலாவில் அந்த உறுப்பு இருக்கிறது என்பதா? குயவன் பிள்ளைக்கு விலாவில் சக்கரம் முளைத்திருக்கிறதா? வண்ணான் பிள்ளைக்குக் கையில் வெள்ளாவி முளைத்திருக்கிறதா? மீன் எல்லாவற்றுக்கும் பக்கக்கோடு ஒன்றுதான். மனிதன் எல்லோருக்கும் மூளை ஒன்றுதான். மீன்குஞ்சு பேசத் தெரிந்தால், "உங்கள் சாதிச் சண்டையில் என்னை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கும்.

நிற்க. மீன் ஏன் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைக்கிறது? வீரத்துக்காக அல்ல. முதலாவது, இருந்த இடத்தில் இருக்க. இரண்டாவது, மேலேயிருந்து பூச்சி புழு மிதந்து வரும். வாயைத் திறந்தால் சாப்பாடு. மூன்றாவது, வாய் வழியாகப் புகுந்து செவுள் வழியாக வெளியேறும் தண்ணீரில்தான் அது மூச்சு விடுகிறது. எதிர்த்து நின்றால் மூச்சு சுலபம். நான்காவது, மேலேயிருந்து வரும் வாசனை தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் புதுவெள்ளம் வந்தால் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப்போய் முட்டையிடும் மீன்களும் அனேகம். நம் குளங்களில் மறுகால் பாயும்போது பறி வைத்து மீன் பிடிக்கிறவர்களுக்கு இது தெரியாத சங்கதியல்ல. மழை விட்டபிறகு வயலில் மீன் துள்ளுவதைக் கண்டு வானத்திலிருந்து விழுந்ததென்று சொல்லுகிறார்களே, அதில் பெரும்பாலும் இப்படி வாய்க்கால் ஓட்டத்தை எதிர்த்து ஏறிவந்த மீன்தான்.

எதிர்த்து நிற்பதற்கு மீன் செலவழிக்கும் பலமும் நாம் நினைப்பதுபோல் அல்ல. ஓடும் தண்ணீரில் ஒரு தூண் நின்றால், அதன் பின்னால் சுழிகள் இடம் வலம் இடம் வலம் என்று மாறி மாறிக் கழன்று போகும். பாலத்துத் தூணுக்குப் பின்னால் எவரும் பார்க்கலாம். 2003-ல் லியாவோ முதலிய அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அப்படிப்பட்ட தூணுக்குப் பின்னால் நன்னீர் மீன் ஒன்றை விட்டு, அதன் தசைகளில் மெல்லிய கம்பி செருகிப் பார்த்தார்கள். மீன் சுழிக்குத் தக்கபடி உடலை வளைத்துச் சுழிக்குச் சுழி தாவி நின்றது. உடம்பின் முன்பாகத்துத் தசைகள் மாத்திரம் கொஞ்சம் வேலை செய்தன. மற்றவை ஏறக்குறைய சும்மாயிருந்தன. மணிமுத்தாற்றுப் பாறைக்குப் பின்னால் நான் கண்ட மீன் ஊஞ்சலாடியதன் இரகசியம் இதுவே.

இதற்குமேல் நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதே கூட்டத்தார், "மீன் ஒன்றும் செய்யாமலே இருந்தால் என்னாகும்?" என்று கேட்டுக்கொண்டு, செத்த மீன் ஒன்றை அந்தச் சுழிகளுக்குள் விட்டார்கள். தோழர்களே, அந்தச் செத்த மீன் சுழிகளின் தாளத்துக்கு வளைந்து வளைந்து, ஓட்டத்தை எதிர்த்துத் தூணை நோக்கி முன்னேறிப் போயிற்று! 2006-ல் இது பிரசுரமாயிற்று. மந்திரமல்ல, மாயமல்ல. வளையக்கூடிய உடம்புக்குச் சுழியே பலத்தைக் கொடுத்தது. ஆக, உயிருள்ள மீனும் ஆற்றோடு போகும். செத்த மீனும் எதிர்நீச்சல் போடும். இருபது வருஷமாய் நான் வாங்கிய கைதட்டலெல்லாம் இதோடு சரி.

இதைக் கேட்டு நம் தோழர் ஒருவர் வருத்தப்பட்டார். "நல்ல உவமானத்தைக் கெடுத்துவிட்டீரே, வைதீகர்கள் சிரிப்பார்களே" என்றார். சிரிக்கட்டும். பொய்யைச் சொல்லிப் பகுத்தறிவை வளர்க்க முடியுமானால், புராணக்காரர்கள் எப்பொழுதோ வளர்த்திருப்பார்கள். அல்லாமலும், மெய்யான மீனிடத்தில் இன்னும் நல்ல பாடம் இருக்கிறது. எதிர்ப்பதனாலேயே ஒருவன் உயிருள்ளவனாகிவிட மாட்டான். பெரிய மனிதன் ஒருவனுடைய செல்வாக்குச் சுழியில் அகப்பட்டு, தன் புத்தியை ஒரு பிடிகூடச் செலவழிக்காமல், "எதிர்ப்பு, எதிர்ப்பு" என்று முன்னேறிக்கொண்டிருக்கும் செத்த மீன்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு, நம்மிடையேயும் உண்டு. உயிருக்கு அடையாளம் எதிர்ப்பதல்ல. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விசாரிப்பதுதான். ஊரோடு ஒத்து மிதக்கிறவனுக்கு ஊர் ஓடுவதே தெரியாது என்று முன்னே சொன்னேன். அசையாத ஒன்றை, அதாவது உண்மையை, பார்த்துக் கொண்டிருக்கிறவனுக்குத்தான் தான் இழுத்துக்கொண்டு போகப்படுவது தெரியும். தெரிந்தபின் எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்க்கலாம். போக வேண்டிய இடத்துக்கு விலாங்கைப்போல் ஓட்டத்தோடும் போகலாம்.

மேடைக் கதை இவ்வளவோடு இருக்கட்டும். இதைவிட முக்கியமான காரியம் ஒன்று இருக்கிறது. மீன் வீரத்தால் ஏறுகிறது என்று நம்பினால், எந்தச் சுவரையும் அது எப்படியோ ஏறிவிடும் என்று நாம் சும்மாயிருந்துவிடுவோம். கடவுள் பார்த்துக்கொள்ளுவார் என்று நம்பினாலும் அப்படித்தான். ஆனால் அது ஓட்டத்தைப் படித்து அதன்படி நடக்கிற பிராணி என்று தெரிந்துகொண்டால், அந்த ஓட்டத்தை இன்றைக்கு நடத்துகிறவன் யார் என்ற கேள்வி வரும். பதில்: நாம்தான். ஷட்டரைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் ஆற்றிலுள்ள அத்தனை மீனுக்கும் நாம் ஓர் உத்தரவு போடுகிறோம்.

தாமிரபரணியின் நிலைமையைப் பாருங்கள். மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழும்வரை சுமார் 125 கிலோமீட்டர்தான் அதன் நீளம். அதற்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். மேலே பாபநாசம், சேர்வலாறு அணைகள். கிளையாறான மணிமுத்தாற்றில், காமராசர் காலத்தில் 1950-களின் பிற்பகுதியில் கட்டிய, 118 அடி தேக்கும் அணை. இவற்றை நான் குற்றம் சொல்ல வரவில்லை. வானம் பார்த்த பூமிக்குத் தண்ணீர் கொண்டுபோன அணையைக் குற்றம் சொல்லுகிறவன் வயிறு நிறைந்தவனாய்த்தான் இருப்பான். ஆனால் நாம் நல்லதற்காகச் செய்த காரியத்தில் ஒரு பிராணிக்குக் கேடு இருக்குமானால், அதைப் பார்க்கவும் சரிசெய்யவும் நமக்கு அறிவு வேண்டாமா?

ஆற்றுக் குறுக்கே சுவர் வந்தால் மீனுக்கு என்னாகும் என்பது புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. சென்னை இராணுவத்தில் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் டே என்பவர், இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றி 1873-ல் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையிலேயே அணைக்கட்டுகள் மீனின் வழியை அடைப்பதை எடுத்துக்காட்டினார். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் கடலிலிருந்து ஏறும் உல்லம் மீன் குன்றிப் போயிற்று. கங்கையில் அலகாபாத்துக்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்த அதே மீன், 1975-ல் பராக்கா அணை வந்தபின் மேலே போக முடியாமல் நின்றது. நம் பெரியவர் சொன்ன விலாங்கின் கதி இன்னும் பரிதாபம். அது கடலில் பிறந்து, நூல்போன்ற குஞ்சாய் ஆற்றில் ஏறி, வருஷக்கணக்காய் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடுவது. அதற்கு ஏறவும் வழி வேண்டும், இறங்கவும் வழி வேண்டும்.

தாமிரபரணிக்கென்றே உள்ள மீனும் ஒன்று உண்டு. முதுகுத் துடுப்பில் நூல் நூலாய் நீண்ட கதிர்களுள்ள அழகான சிறு கெண்டை வகை. 1954-ல் சைலாஸ் என்ற நம் நாட்டு அறிஞர் அதை வர்ணித்து, இந்த ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். 2012-ல் ரோகன் பெத்தியாகொட முதலிய இலங்கை அறிஞர்கள் அந்த வகை மீன்களைத் தனிப் பேரினமாகப் பிரித்து, பகுத்தறிவாளரான ரிச்சர்ட் டாக்கின்சின் பெயரைச் சூட்டினார்கள். ஆக, ஒரு பாதி டாக்கின்ஸ், ஒரு பாதி தாமிரபரணி என்று பெயர் தாங்கிய மீன் நம் ஆற்றில் நீந்துகிறது. அழியும் ஆபத்திலுள்ள மீன்களின் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. நம்மவரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே நேற்றுவரை தெரியாது.

பாபநாசம் கோயில் படித்துறையில் மீனைப் பிடிக்காமல் பொரி போடும் வழக்கம் இருக்கிறது. பாவம் போகிறதோ இல்லையோ, அந்த இடத்தில் மீன் பிழைக்கிறது. காரணம் தப்பானாலும் காரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொரி போட்ட அதே கை, பரிகாரம் என்று சொல்லிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அதே தண்ணீரில் விடுகிறதே, அதற்கென்ன சொல்ல? கல்லிலுள்ள பாசியை மேய்ந்து பிழைக்கும் மீனின் வாய்க்கும் கல்லுக்கும் நடுவில் உங்கள் பாவமூட்டை போய்ப் படிந்து கிடக்கிறது. உங்கள் பாவத்தைத் துணியில் சுருட்ட முடியுமானால் அதை வீட்டுக் குப்பையில் போடக்கூடாதா?

இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, அணைக்கட்டுகளில் மீன்வழி வைக்க வேண்டும். அதாவது, ஒரே தாவாகத் தாவ முடியாத உயரத்தைப் படிப்படியான தொட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மீன் இளைப்பாறி ஏறும்படி செய்வது. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றில் 1938-ல் திறந்த பானவில் அணையிலேயே இதை வைத்தார்கள். ஏறும் மீனைக் கண்ணாடி வழியாக இன்றும் எண்ணுகிறார்கள். ஆனால் கட்டிவிட்டால் மாத்திரம் போதாது. மீன் ஓட்டத்தைத் தேடி வருகிற பிராணி என்று கண்டோம். மீன்வழியின் வாயில் ஓட்டம் பலமில்லாமல், பக்கத்து மதகில் தண்ணீர் இடிபோல் கொட்டினால், மீன் மதகில்தான் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நம் நாட்டு மீனின் பலத்தையும் பழக்கத்தையும் அளந்து, அதற்குத் தக்கபடி அமைக்க வேண்டும். 118 அடி சுவருக்கு இது கஷ்டம்தான். தாழ்ந்த அணைக்கட்டுகளுக்கு அவ்வளவு கஷ்டமல்ல, அங்கிருந்து தொடங்கட்டும்.

இரண்டாவது, சாகுபடிக்குத் திறக்காத நாளிலும் ஆற்றில் கொஞ்சமாவது ஓட்டம் இருக்க வேண்டும். திறப்பதையும் மூடுவதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். மூன்றாவது, வெடி போட்டும், மின்சாரம் பாய்ச்சியும், விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை ஊராரே தடுக்க வேண்டும். இவை பெரிய மீனை மாத்திரமல்ல, நான் மேலே சொன்ன கடுகளவு குஞ்சையும் சேர்த்துக் கொல்லுகின்றன. நான்காவது, ஜிலேபிக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி முதலிய அயல் மீன்களை ஆற்றில் விடக்கூடாது.

"மனிதனுக்கே தண்ணீர் இல்லை, மீனுக்கு ஏணி ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆற்று மீன் பணக்காரன் சாப்பாடல்ல. வலையும் தூண்டிலும் தவிர வேறு சொத்தில்லாதவன் பிழைப்பு அது. வெள்ளம் வந்த வாரத்தில் கூலிக்காரன் வீட்டுச் சட்டியில் ஏறும் கறி அது. ஆறு செத்தால் முதலில் பட்டினி கிடப்பவன் அவன்தான். மேலும், மீனுக்கென்று ஆற்றில் விட்ட தண்ணீர் ஆவியாய்ப் போய்விடாது. கீழேயுள்ள ஊர்களின் உறைகிணற்றுக்கும் அதுதான் ஊற்று.

ஆகையால் தோழர்களுக்கு நான் சொல்லுவது இதுதான். இனி என் பிரசங்கத்தில் செத்த மீன் கதை வராது. நீங்களும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஒருநாள் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய், பாறைக்குப் பின்னால் நிற்கும் மீனைக் காட்டி, "இது எப்படி நிற்கிறது? இதற்கு ஓட்டம் எப்படித் தெரிகிறது?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர் பண்டிதரல்ல, வலை வீசுகிறவர். அவர் கேட்டிராவிட்டால் நான் இன்னும் இருபது வருஷம் அதே பொய்யைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருப்பேன்.